மலை வேண்டாம், பாசி போதும்
கடலோரப் பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி முதல் சாயல்குடி வரையிலும், மண்டபம் தாண்டிப் பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் வரையிலும் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் ஓவியம் கற்றுத்தரும் ஆசிரியப் பெருமக்களே,

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரும் கல்வியாண்டில் ஒரு பருவம் மட்டும் பென்சிலையும் ரப்பரையும் ஓரமாக வைத்துவிட்டு, ஜெல் பாளத்தில் அச்செடுக்கும் கலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

"இயற்கைக் காட்சி வரை" என்று சொன்னால் நம் பிள்ளைகள் எதை வரைகிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன். மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு. கரையில் ஓட்டு வீடு, ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. நம் கடலோரத்தில் மலையே கிடையாது. வைகை வருஷம் முழுக்க ஓடுவதும் கிடையாது. கடலிலிருந்து சூரியன் எழுவதைத் தினமும் பார்க்கிற பாம்பன் பிள்ளை, தாளைக் கொடுத்ததும் அதைக் கொண்டுபோய் மலைக்கு நடுவில் வைக்கிறது. காலண்டரிலும் வழிகாட்டிப் புத்தகத்திலும் பார்த்ததை அப்படியே வரைந்தால் "நல்லா இருக்கு" என்று சொல்லிப் பழக்கியது பெரியவர்களாகிய நாம்தான். அந்தப் பழக்கத்தை மாற்றும் கடமையும் நம்முடையதுதான்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. ஏழாம் வகுப்புக்கு வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் "எனக்கு வரைய வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோடு நேராக வரவில்லை, முகம் முகம்போல வரவில்லை என்பதே காரணம். அதோடு ஓவியம் அவர்கள் வாழ்க்கையை விட்டே போய்விடுகிறது. கைத்திறன் வேறு, பார்வை வேறு. கோடு நடுங்குகிற பிள்ளைக்கும் எதை எங்கே வைத்தால் தாள் நிறையும், எதை எடுத்துவிட்டால் தாள் மூச்சுவிடும் என்று தெரிந்திருக்கலாம். அந்தப் பார்வையைச் சோதித்துப் பார்க்க நம் வகுப்புகளில் வாய்ப்பே கொடுப்பதில்லை.

ஜெல் அச்சு அந்த வாய்ப்பைத் தருகிறது. உறைந்த ஜெல் பாளத்தின் மேல் ரோலரால் வண்ணத்தை மெல்லிசாக ஓட்ட வேண்டும். அதன்மேல் ஓர் இலையையோ நூலையோ வலைத்துண்டையோ வைத்து, தாளைப் போட்டு உள்ளங்கையால் தேய்த்து எடுத்தால் படம் வந்துவிடும். செப்புத்தகட்டில் அமிலம் ஊற்றிச் செய்யும் எட்சிங்குக்கும் கல்லச்சுக்கும் கனத்த இயந்திரம் வேண்டும். இதற்கு இரண்டு கை போதும். வரைகிற வேலையை இலை பார்த்துக்கொள்ளும். எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, எந்த நிறம், எதை விடுவது என்று முடிவு செய்வது மட்டும் பிள்ளையின் வேலை. வடிவமைப்பு என்பது இந்த முடிவுகள்தான்.

இப்போது பாளத்துக்கு வருவோம். வெளிநாடுகளில் இதை ஜெலட்டினில் செய்கிறார்கள். ஜெலட்டின் மாட்டெலும்பிலிருந்தும் விலங்குகளின் தோலிலிருந்தும் எடுப்பது. அதைத் தொடத் தயங்கும் வீடுகள் நம்மிடம் பல மதங்களிலும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் வெயில். ஜெலட்டின் 35 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். கத்திரி முடிந்து பள்ளி திறக்கிற ஜூனிலும் நம் வகுப்பறை அதற்குக் குறையாது. காலையில் ஊற்றிய பாளம் மதியம் கஞ்சியாகிவிடும்.

இதே சிக்கலை அறிவியல் உலகம் 1881இல் சந்தித்தது. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸ, நுண்ணுயிர்களை ஜெலட்டின் மேல் வளர்க்கப் பார்த்தார். கோடை வெப்பத்தில் ஜெலட்டின் உருகி ஓடியது. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸ, தன் சமையலறையில் ஜெல்லி உறைய வைக்கப் பயன்படுத்திவந்த அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர்களிடம் அவர் கற்றிருந்த சமையல் முறை அது. இன்றுவரை உலகத்து ஆய்வகங்களில் நுண்ணுயிர்கள் அகரில்தான் வளர்கின்றன. சுமார் 40 டிகிரியில் உறைந்துவிட்டால், 85 டிகிரியைத் தொடும்வரை அகர் உருகாது. நம் ஊர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை.

அகர் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பலருடைய அம்மாவும் ஆச்சியும் கடலுக்குள் இறங்கி எடுத்து வருகிற பாசிதான் அது. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆல்ஜினேட் எடுக்கப் போகின்றன. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி, கையால் பறித்து எடுக்கிற வேலை அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு, அந்தப் பெண்களின் பாடு இன்னும் கடினமானது. பாசி அழிந்துவிடக் கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது எனத் தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது இந்த உழைப்புக்கும் தலைமைக்கும்தான். 1947இல் தொடங்கி, பிறகு மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், நம் கடற்பாசிகளையும் அவற்றிலிருந்து அகர் எடுக்கும் வழிகளையும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது. பாசியை எடுப்பவர்களும் அதை ஆராய்ந்தவர்களும் இருக்கிற கரையில், அதை வைத்துப் படம் போடப் பிள்ளைகளுக்கு மட்டும் நாம் ஏன் கற்றுத்தரவில்லை?

அகரை உறைய வைப்பதும் புதிய வித்தை இல்லை. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி வீடுகளில் நோன்பு திறக்கக் கடல்பாசி காய்ச்சுகிற கைகள் அதை நன்றாக அறியும். பாலும் சர்க்கரையும் இல்லாமல், இன்னும் கெட்டியாகக் காய்ச்ச வேண்டும், அவ்வளவுதான்.

அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் அகர்த் தூளைப் போடுங்கள். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று இழையாகவும் கிடைக்கும். இழையென்றால் முதலில் ஊறப்போட வேண்டும். தூளைப் பச்சைத் தண்ணீரிலேயே கலந்து, பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். நன்றாகக் கொதித்து, கரண்டியில் எடுத்தால் துகள் தெரியாமல் தெளிய வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கிற கிளிசரினில் 50 முதல் 100 மில்லி வரை சேருங்கள். பாளம் சீக்கிரம் காயாமல், வெடிக்காமல் இருக்க அது உதவும். அடுப்பு வேலையை நீங்களோ சத்துணவுக்கூடத்து அம்மாவோ பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அதன் பக்கத்தில் விட வேண்டாம்.

சமமான மேசையில் ஒரு தட்டையான ட்ரேயை வைத்து, விளிம்பு வரை ஊற்றுங்கள். விளிம்புக்குக் கீழே நின்றால் பிறகு தாளைத் தேய்க்கும்போது ட்ரேயின் ஓரம் கையைத் தடுக்கும். மேலே மிதக்கிற குமிழிகளை ஒரு செய்தித்தாள் துண்டால் இழுத்து ஓரத்துக்குக் கொண்டுபோய் எடுத்துவிடுங்கள். ஒரு குமிழி இருந்தாலும் ஒவ்வொரு அச்சிலும் ஒரு வட்டம் விழும். ஒரு மணி நேரத்தில், குளிர்பெட்டி இல்லாமலே உறைந்துவிடும். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் ஒரு நோட்டுப் புத்தக அளவு பாளம் கிடைக்கும்.

அகருக்கு இரண்டு குணம் உண்டு. ஜெலட்டின் அளவுக்கு இது வளையாது. ட்ரேயிலிருந்து தூக்கினால் விண்டுபோகும். ஆகவே ட்ரேயிலேயே இருக்கட்டும். அடுத்தது, நேரமாக ஆகப் பாளம் தண்ணீர் விடும். வண்ணம் ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பருத்தித் துணியால் மேற்பரப்பை ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் வண்ணம் பரவாமல் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். பாளம் கீறிப்போனால் துண்டாக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி காய்ச்சி ஊற்றிக்கொள்ளலாம்.

வண்ணத்துக்கு அக்ரிலிக் நல்லது. ஆனால் கடற்காற்றில் அது கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். வண்ணத்தில் இரண்டு சொட்டு கிளிசரின் கலந்து, அச்செடுக்கும் நேரத்துக்கு மின்விசிறியை நிறுத்தி வையுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிறிய ஸ்பாஞ்ச் ரோலரே போதும்.

இனி வடிவமைப்புக்கு வருகிறேன். சமநிலை, தாளம், முரண், மையம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, வரையறை சொல்லி மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். முதலில் செய்யட்டும். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்.

கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கிற அடம்பங்கொடியிலிருந்து, நுனி இரண்டாகப் பிளந்த ஓர் இலையைப் பறித்து வரச் சொல்லுங்கள். வண்ணம் ஓட்டிய பாளத்தில் அதன் நரம்புப்பக்கம் கீழே படும்படி வைத்து, தாள் போட்டுத் தேய்த்து எடுத்தால், சுற்றிலும் நிறமும் நடுவில் இலை வடிவத்தில் வெறும் வெள்ளையும் வரும். இலை இருந்த இடத்தில் எதுவுமே இல்லை. ஆனாலும் கண்ணுக்கு இலைதான் தெரிகிறது. பிறகு பாளத்தின் மேல் இருக்கிற இலையை மெதுவாக உரித்து எடுங்கள். அதன் அடியில் தங்கியிருந்த வண்ணத்தின் மேல் இரண்டாவது தாளைப் போட்டு அழுத்துங்கள். இந்த முறை இலை நிறத்தோடு வரும். நடுநரம்பு, அதிலிருந்து பிரியும் கிளைநரம்பு, விளிம்பில் பூச்சி கடித்த ஓட்டை என்று ஒன்றும் விடாது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்து, "எதில் இலை இருக்கிறது, எதில் இல்லை?" என்று கேளுங்கள். உருவும் வெளியும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்ற பாடத்தைப் பதினொரு வயதுப் பிள்ளை அந்த நிமிஷமே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து வலை. கிழிந்த வலைத்துண்டு இல்லாத வீடு நம் கடலோரத்தில் இருக்காது. அதை இழுத்து விரித்து ஓர் அச்சு, தளரவிட்டு இன்னோர் அச்சு, ஒரு மூலையை மட்டும் சுருட்டி மூன்றாவது. முதல் தாளில் வலைக்கண்கள் ஒரே அளவாக நிற்கும். இரண்டாவதில் ஒவ்வொரு கண்ணும் வேறு வேறு அளவில் நெளியும். மூன்றாவதில் கண்கள் நெருங்கி நெருங்கி ஒரு மூலையில் இருட்டாகும். ஒரே பொருள் திரும்பத் திரும்ப வருவது மீள்வரவு. வருகிற இடைவெளி மாறும்போது பிறப்பது தாளம். இதைச் செய்து முடித்த பிறகு பிள்ளைகளை இராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்துக்குக் கூட்டிப் போங்கள். சேதுபதிகள் 18ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்த அந்தப் பிரகாரத்தில் 1,212 தூண்கள் என்று சொல்வார்கள். எண்ணிக்கை இருக்கட்டும். தூரம் போகப் போகத் தூண்கள் எப்படிச் சிறுத்து நெருங்குகின்றன, தூணுக்கும் தூணுக்கும் நடுவில் வெளிச்சம் எப்படி விட்டுவிட்டு விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறந்ததிலிருந்து நடந்த பிரகாரத்தை அன்றைக்குப் புதிதாகப் பார்ப்பார்கள்.

முரணுக்குப் பனையோலையும் பாசியும். ஓலை விறைப்பான இணைகோடுகளைத் தரும். கஞ்சிப்பாசியைத் தண்ணீரில் விரித்து, தாளில் ஒற்றி, ஈரம் போனபின் வைத்தால், கிளைவிட்டுக் கிளைவிட்டுப் போகும் மெல்லிய கோடுகளைத் தரும். இரண்டையும் ஒரே தாளில் வைக்கும்போது விறைப்பு கூடுதல் விறைப்பாகவும் நெளிவு கூடுதல் நெளிவாகவும் தெரியும்.

சமநிலைக்கு ஒரு பெரிய பூவரசிலையைத் தாளின் இடப்பக்கம் பதிக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் காலியாக இருந்தால் தாள் சாய்ந்ததுபோலத் தோன்றும். அந்தப் பக்கம் இன்னொரு பெரிய இலை வைத்தால் நேராகிவிடும். ஆனால் அசைவு போய்விடும். அதற்குப் பதிலாக மூன்று சிறு வேப்பிலையை, அல்லது அடர்ந்த நிறத்தில் ஒரே ஒரு உடைமர இலையை வைத்துப் பார்க்கட்டும். தாள் நேராகவும் நிற்கும், உயிரோடும் இருக்கும். சிறியதும் பெரியதை ஈடுகட்டலாம், நிறமும் அளவை ஈடுகட்டலாம் என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்காது.

ஒரு பரப்பைப் பங்கிடுவது எப்படி என்று காட்ட, இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசம் இருக்கிறது. சேதுபதி காலத்து ஓவியர்கள் அந்தச் சுவர்களைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஓரக்கோடு கட்டி, இராமாயணக் கதையையும் போரையும் வெள்ளைக்காரத் தூதர்களையும் அடுக்கியிருக்கிறார்கள். கூட்டமான பட்டைக்குப் பக்கத்தில் ஆறுதலான பட்டை, பெரிய உருவம் அரசனுக்கு, சிறிய உருவம் சேவகனுக்கு என்று ஒவ்வொன்றும் யோசித்துச் செய்த வேலை. அதைப் பார்த்துவிட்டு வந்து, தாளை மூன்று பட்டையாக மடித்து அச்செடுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிஷத்தை ஒதுக்கி வையுங்கள். எல்லா அச்சையும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, "கண் முதலில் எங்கே போகிறது? பிறகு எங்கே? எதை எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும்?" என்று பிள்ளைகளையே பேசவிடுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவர்கள் வடிவமைப்பாளர்கள் ஆகிறார்கள்.

செடியையும் பாசியையும் நேராகப் பதிக்கும் இந்தக் கலைக்கு நீண்ட மரபு உண்டு. இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் 1843 முதல் கடற்பாசிகளை வெயிலில் நீல அச்சாக எடுத்து நூலாகத் தொகுத்தார். நிழற்பட முறையில் படம் அச்சான முதல் நூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அறியாத கலைஞர் ஒருவர் படம் வரைந்து தவறாகக் காட்டிவிடக் கூடாது, பாசியே தன்னைக் காட்டட்டும் என்பதே அந்த வழியின் சிறப்பு. பிறகு 1857இல் நம் சென்னையிலேயே ஹென்றி ஸ்மித் செடிகளை நேராகப் பதித்து ஒரு மாதிரித் தொகுப்பு வெளியிட்டார். 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில், நூறாண்டு கடந்து, 1957இல் தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் படித்து, அச்சோவியத்தில் உலகமறிந்த கலைஞரானார். தேவகோட்டை அப்போது இராமநாதபுரம் மாவட்டம். இந்த மண்ணிலிருந்து அச்சோவியர் வர மாட்டார் என்று யாரும் சொல்ல முடியாது.

சில எச்சரிக்கைகள். உயிருள்ள பாசியைப் பறிக்கப் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். கரையில் ஒதுங்கியது ஏராளம். பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடலட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்து ஒதுங்கியிருந்தாலும் எடுக்கக் கூடாது. இதையும் பாடமாகவே சொல்லுங்கள். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். ரோலரையும் ட்ரேயையும் முதலில் பழைய செய்தித்தாளில் துடைத்தெடுங்கள். வண்ணம் கலந்த தண்ணீரைச் சாக்கடை வழியாகக் கடலுக்கு அனுப்பாதீர்கள்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். உங்களில் பலர் 2012இல் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரம் மூன்று அரைநாள் வேலைக்கு எடுக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் அடங்குவீர்கள். பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடியவர்கள் நீங்கள். ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் விட்டுக்கொடுத்து நிற்கிற வேதனையும் உங்களுக்கு உண்டு. ஓவியம் என்றால் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு, உங்கள் பாடத்தில் சிந்தனை இருக்கிறது என்று காட்ட இந்த அச்சுகள் உதவும். அறிவியல் ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாசி அவருக்கும் பாடம்தான்.

ஒரு பாளம், ஒரு ரோலர், மூன்று நிறம், நாற்பது தாள். இவ்வளவில் ஒரு வகுப்பு நடந்துவிடும். பருவ முடிவில் பள்ளி வராந்தாவில் அச்சுகளை மாட்டி, பாசி எடுக்கிற தாய்மார்களையும் வலை கட்டுகிற தகப்பன்மார்களையும் அழைத்துக் காட்டுங்கள். பள்ளிக் கலைத் திருவிழாவுக்கு அவற்றையே அனுப்புங்கள். மலையும் ஆறும் வரைகிற பிள்ளைகள் மலையும் ஆறும் உள்ள ஊரில் இருக்கட்டும். நம் பிள்ளைகளின் தாளில் நம் கரை வரட்டும். இந்த ஜூனிலேயே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கரையை நேசிக்கும் ஓர் அச்சோவியன்